நடந்து பெற்ற உரிமை

நடத்தல் உடலுக்கு உறுதி தருவதென்பது யாவரும் அறிந்ததே. அஃது உரிமையையும் தரவல்லது என்பதற்கு இங்கிலாந்தின் பீக் மாவட்டம் சான்றாகும். இன்று ஆங்குக் குழுக்களாக நடப்போர், குறுஞ்செடி படர்ந்த கரம்பை மேடுகளையும் காடுகளையும் கடந்து பழஞ்சிற்றூர்களை அடைவர். கொள்ளைநோய் அயலூர்க்குப் பரவாதிருக்க 1666இல் தன் எல்லையைத் தானே அடைத்துக்கொண்ட ஈம் அத்தகைய ஊராகும்.

இம்மேடுகளோ என்றும் திறந்திருந்தனவல்ல. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிற் பொதுநிலங்கள் பல வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின. செல்வர் பறவை வேட்டைக்காக அவற்றிற் காவலரை நிறுத்தினர். புகை சூழ்ந்த மான்செஸ்ரர், ஷெபீல்ட் நகரத் தொழிலாளரோ, தம் ஓய்வுநாளில் நற்காற்று நாடி வந்து தடுக்கப்பட்டனர்.

1932 ஏப்பிரில் 24இல் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுற் மேட்டில் ஏறினர். காவலரோடு கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். அயலார் நிலத்தில் நடந்தமை அன்று சிறைக்குரிய குற்றமன்று. கலகம், தாக்குதல் என்பனவே அவர்மேற் சாட்டப்பட்டவை. தண்டனையின் கடுமை மக்களின் பரிவை அவர்பால் திருப்பிற்று.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1951இல் பீக் மாவட்டம் பிரித்தானியாவின் முதற் தேசியப் பூங்காவாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டமோ, மலைகளிலும் கரம்பை மேடுகளிலும் கால்நடையாக உலாவும் உரிமையை யாவர்க்கும் வழங்கியது. பயிர்நிலம் அதனுள் அடங்காது.

பொதுமக்கள் இருபதாண்டு தடையின்றி உரிமையோடு நடந்த வழி, பொதுவழியாகக் கொள்ளப்படுதல் அந்நாட்டுச் சட்டநெறி. ஆதலின், ஆங்குக் கூடி நடப்போர் பொழுதுபோக்குவோர் மட்டுமல்லர். முன்னோர் பெற்ற வழியைத் தம் அடிகளாற் காப்போருமாவர்.