வண்டிக்குக் காற்று, வயிற்றுக்கு என்ன?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

சைக்கிள் மிதிப்பதற்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சென்ற தை மாதம் வரை நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனுக்கு அரியர் எல்லாம் ஒரே மூச்சில் க்ளியர் ஆகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு சைக்கிளிலேயே வருவதாக அவன் வேண்டுதல். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். துணைக்கு நாங்கள் மூன்று பேர். என்னுடையது அப்பா பால் கேன் கட்டும் சைக்கிள். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நான் எதுவும் சாப்பிடவில்லை. வழியில் மற்றவர்கள் டீ குடித்தபோதும் "எனக்கு வேண்டாம்டா" என்று கௌரவமாகச் சொல்லிவிட்டேன்.

நீடாமங்கலம் வரை ஒன்றும் தெரியவில்லை. கொரடாச்சேரி தாண்டியதும் எதிர்க்காற்று. திடீரென்று கைகால் நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண்ணில் பூச்சி பறக்கிறது. காரணமே இல்லாமல் அழுகை வேறு வருகிறது! வண்டியைச் சாலையோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "இவனுக்குத் தெம்பு அவ்வளவுதான்" என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது.

பக்கத்து டீக்கடைப் பெரியவர் வந்து பார்த்தார். "ஏந்தம்பி, வண்டிக்கு மட்டும் காத்தடிச்சியே, வயித்துக்கு ஒண்ணும் போடலியா?" என்று கேட்டு, சர்க்கரை தூக்கலாக இரண்டு டீயும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தார். இருபது நிமிடத்தில் நான் பழைய ஆள்! மதியத்துக்குள் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தோம். தெம்பு இல்லாதவன் இருபது நிமிடத்தில் எப்படித் தெம்புள்ளவன் ஆனான்? இந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

உடம்பும் ஓர் இன்ஜின்

நாம் தெர்மல் பாடத்தில் படிப்பதுதான். என் வேகத்துக்கும் காற்றுக்கும் கால்கள் சுமார் 80 வாட் கொடுத்திருக்கும். நான்கு மணி நேரத்துக்கு 1,152 கிலோஜூல் வேலை. மனித உடம்பின் எஃபிஷியன்சி ஏறக்குறைய 25 சதவீதம்தான், மிச்சமெல்லாம் வெப்பம். அப்படியானால் எரிந்தது சுமார் 4,600 கிலோஜூல், அதாவது 1,100 கிலோகலோரி.

இதற்கு உடம்பில் இரண்டு டேங்க் இருக்கிறது. பெரிய டேங்க் கொழுப்பு. ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி. ஒல்லியான ஆளிடமும் ஐந்து கிலோ இருந்தால் 45,000 கிலோகலோரி ஆயிற்று! ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். சின்ன டேங்க் மாவுச்சத்து. நாம் தின்னும் சோறு, இட்லி, சர்க்கரை எல்லாம் குளுக்கோஸாகி, கிளைகோஜன் என்ற பெயரில் தசைகளில் சுமார் 400 கிராமும், கல்லீரலில் சுமார் 100 கிராமும் சேர்ந்திருக்கும். கிராமுக்கு 4 வீதம் மொத்தம் 2,000 கிலோகலோரிதான். வேகம் கூடக்கூட, மேடு ஏறஏற, உடம்பு இந்தச் சின்ன டேங்கைத்தான் அதிகம் உறிஞ்சும்.

2,000 இருக்கும்போது 1,100-க்கே நான் ஏன் விழுந்தேன்? இங்கேதான் விஷயம். தசையில் இருக்கும் சர்க்கரை அந்தத் தசைக்கு மட்டுமே. அதை ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்க அதனால் முடியாது. ரத்தத்துக்குக் கொடுப்பது கல்லீரல். மூளை கொழுப்பை நேரடியாக எரிக்காது. குளுக்கோஸை நம்பித்தான் இருக்கிறது. மணிக்கு ஐந்து கிராம் அதற்கு வேண்டும், நாம் தூங்கும்போதும்கூட. இரவு முழுக்கக் கல்லீரல் கொடுத்துக் கொடுத்துக் குறைந்திருந்த நேரத்தில், வெறும் வயிற்றோடு கால்களும் பங்கு கேட்டன. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. நடுக்கமும் அழுகையும் அதனால் வந்தவை. வெளிநாட்டு சைக்கிள்காரர்கள் இதற்கு 'பாங்க்' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டி ரிசர்வுக்கு வந்தால் நாம் வண்டியைத் திட்டுவதில்லையே!

எவ்வளவு, எப்போது?

குடலில் குளுக்கோஸ் நுழைய ஒரு வாசல், பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். குளுக்கோஸ் வாசலில் மணிக்குச் சுமார் 60 கிராம்தான் போகும். இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை போகும். டூர் டி பிரான்ஸ் வீரர்கள் பழகிப் பழகி இன்று மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை எடுக்கிறார்கள். நம் வீட்டுச் சர்க்கரையில் இந்த இரண்டும் சரிபாதி என்பது நமக்கு அதிர்ஷ்டம். வெல்லமும் பெரும்பாலும் அதேதான். நம் வேகத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் தாராளம்.

1. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லியோ சோறோ சாப்பிடுங்கள். அவ்வளவு சீக்கிரம் எழ முடியாவிட்டால் ஒரு வாழைப்பழமாவது.

2. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் என்றால் முதல் அரை மணியிலேயே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக. பசித்த பிறகு தின்பது தாமதம்.

3. ஒரு லிட்டர் தண்ணீரில் 12 டீஸ்பூன் (60 கிராம்) சர்க்கரை அல்லது அதே எடை வெல்லம், எலுமிச்சை, இரண்டு சிட்டிகை உப்பு. நம் பானகம்தான்! இதை ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குடிக்கலாம். இதைவிடக் கெட்டியாக்கினால் வயிறு புரட்டும்.

4. கடலை மிட்டாய் நல்லதுதான். ஆனால் கடலையில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகச் செரிக்கும். முன்கூட்டியே தின்னுங்கள், தலை சுற்றும்போது சர்க்கரைத் தண்ணீரும் பழமும்தான்.

உப்பு எதற்கு? குடல் வாசலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் நுழைகின்றன. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர அகதி முகாமில் காலரா நோயாளிகளை டாக்டர் திலீப் மகலனாபிஸ் காப்பாற்றியது இந்தச் சர்க்கரை உப்புக் கரைசலால்தான்.

ஓர் எச்சரிக்கை. இது மிதிப்பவனுக்கு மட்டும். உட்கார்ந்தபடி குடித்தால் தொப்பைதான் மிச்சம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

ஊருக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். "இதுக்குப் புஸ்தகம் வேறயா?" என்று, கேரியர் பையில் இருந்த வெல்லக் கட்டியைக் காட்டினார். இத்தனை வருடம் அந்தப் பை என் கண்ணில் பட்டிருக்கிறது. எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. நம்மில் பலர் தினமும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வெறும் வயிற்றோடு மிதித்து வருகிறோம். முதல் பீரியடில் தலை கவிழ்ந்தால் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். அது சோம்பல் அல்ல நண்பர்களே, காலி டேங்க்! பேரவை நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: சைக்கிள் ஸ்டாண்டு அருகே, வாங்கிய விலைக்கே வாழைப்பழம் கிடைக்க ஒரு வழி செய்யுங்கள். முதல் தாருக்கு என் பங்கை நான் தருகிறேன்.