வூ யாருக்கு, த்யூ யாருக்கு?

இந்தியில் தூ, தும், ஆப் என்ற மூன்றையும் சமாளித்துப் பழகிய நமக்கு, பிரெஞ்சில் இரண்டே என்றால் நிம்மதியாக இருக்கும். 'த்யூ' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். நம் 'நீங்கள்' போலவே வூவும் பன்மைதான். ஒருவரிடம் சொன்னால் மரியாதை. என் மகன் லியோன் நகரில் பிரெஞ்சுப் பெண்ணை மணந்து குடியிருப்பதால், ஓய்வு பெற்ற பின் இம்மொழியைக் கொஞ்சம் கற்றேன்.

நமக்கு வயதும் உறவுமுறையும்தான் கணக்கு. பெரியவர் நீ என்பார், சிறியவர் நீங்கள் என்பார். அங்கே வயது வந்தவர்களுக்குள் அநேகமாக இந்த ஒருவழிப் பாதை கிடையாது. கடைக்காரர், டாக்டர், அறிமுகமற்றவர் என்றால் இரு பக்கமும் வூ. வீட்டார், நண்பர் என்றால் இரு பக்கமும் த்யூ. என் பேரன் என்னிடம் த்யூ போட்டுத்தான் பேசுகிறான். அதில் மரியாதைக் குறைவு துளியும் இல்லை. வூவிலிருந்து த்யூவுக்கு மாற வேண்டுமானால் வயதிலோ பதவியிலோ மூத்தவர்தான் முதலில் கேட்பார். ரயில்வே பாஷையில், லைன் கிளியர் அவர் கையில். மாறிய பின் மறுபடி வூ சொன்னால் ஏதோ மனஸ்தாபம் என்று பொருள்.

அரசியலும் இதில் புகுந்திருக்கிறது. 1793-இல் புரட்சிக்காரர்கள், எல்லோரும் சமம், ஆகவே த்யூவே புழங்க வேண்டும் என்றார்கள். சில ஆண்டுகளில் வூ திரும்பி வந்துவிட்டது. 2014-இல் அமலான போலீஸ் நடத்தை விதிகளோ, பொதுமக்களிடம் வூ சொல்லியே பேச வேண்டும் என்கின்றன. தெருவில் நிறுத்தி நீ போட்டு விசாரித்தால் எப்படி இருக்கும் என்று நமக்கா தெரியாது? கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் இறைவனை வூ என்று அழைத்துவந்த கத்தோலிக்கர்கள் 1966 முதல் த்யூ என்கிறார்கள். முருகனை உரிமையோடு நீ என்று கூப்பிடும் நமக்கு இது புதிதல்ல.

சென்ற ஆண்டு லியோன் போனபோது, மூன்றாம் நாளே சம்பந்தியம்மாள், இனி த்யூ சொல்லலாமா என்று எங்கள் இருவரையும் கேட்டார். சம்மதித்தோம். தமிழ் கற்றுவரும் மருமகளுக்குத்தான் சந்தேகம் வந்தது. "மாமா, அத்தை உங்களை நீங்கள் என்கிறார். நீங்கள் மட்டும் ஏன் நீ என்கிறீர்கள்?"

அது வழக்கம், பிரியத்தில் குறைவில்லை என்றேன். அதை அவள் பிரெஞ்சில் சொன்னதும் சம்பந்தியம்மாள் என் மனைவியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை என்னை உறுத்தியது.

அன்றிரவு மனைவியிடம், "நீயும் என்னை நீ என்றே கூப்பிடேன்" என்றேன்.

"பிரெஞ்சில் வேண்டுமானால் சொல்கிறேன்" என்றாள். மறுநாள் காபி கொடுக்கும்போது சொல்லவும் செய்தாள். தமிழில் இன்னும் நீங்கள்தான்.