மேட்டுக்கு ஏறும் காவிரி

ஒகேனக்கல்லில் காவிரி பள்ளத்தில் பாய்கிறது. தருமபுரி மாவட்டத்து ஊர்களோ மேட்டில் இருக்கின்றன. அதனால் ஆறு பக்கத்தில் ஓடியும், பல கிராமங்கள் தலைமுறைக்கணக்கில் நிலத்தடி நீரையே குடித்தன. பார்க்கப் பளிங்குபோல் இருந்த அந்தத் தண்ணீரில் புளோரைடு கரைந்திருந்தது.

பாறைக் கனிமங்களிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்து நீரில் சேரும் பொருள் அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை படியும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் கெடும். காய்ச்சினாலும் பயனில்லை. நீர்தான் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே தங்கி, இன்னும் அடர்த்தியாகும்.

ஆகவே தண்ணீரையே மாற்ற வேண்டியிருந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. யானைப்பள்ளம் என்ற இடத்தில் எடுக்கும் காவிரி நீரைச் சுத்திகரித்து, மடம் என்ற ஊரின் மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 18 ஊராட்சி ஒன்றியங்களுக்கு அது பிரிந்து போகிறது.

ஊர் எல்லையில் பொறுப்பு ஊராட்சியின் கைக்கு வருகிறது. அதன் முக்கியக் கருவி மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. தொட்டி நீர்மட்டம் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் விழும். விரல் நகத்தின் மேல் ஒரு கிலோ படிக்கல்லை வைத்ததுபோல. மேலே ஏற்றியபின் மோட்டாரே வேண்டாம். வால்வைத் திறந்தால் உயரமே தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளிவிடும்.

அந்த வால்வைத் திறக்கும் டேங்க் ஆபரேட்டருக்கு இன்னொரு நுட்பமான வேலை உண்டு. 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைப்பார். பவுடரிலுள்ள சுண்ணாம்பு அடியில் படிந்ததும், குளோரின் கலந்த தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அதாவது 50 லட்சத்தில் ஒரு பங்கு! வழியில் ஏதேனும் கிருமி நுழைந்தால் அதைக் கொல்ல நிற்கும் காவல் அது. குழாய் நீரில் சில சொட்டுச் சோதனைத் திரவம் விட்டால், மஞ்சள் நிறத்தின் அழுத்தமே அளவைச் சொல்லிவிடும்.

இந்தச் சங்கிலியில் ஊர்மக்களும் ஒரு கண்ணி. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-இல் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் எவரும் அங்கே பேசலாம். கடைசித் தெருவில் குளோரின் எவ்வளவு, தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். காவிரியை மேடேற்றிய உழைப்பு முழுவதும் பலன் தருவது அந்த இரண்டு பதில்களும் சரியாக இருக்கும்போதுதான்.