துரும்பின் வலியும் அதன் வரம்பும்

யாழ்ப்பாணத்து மக்கள் விரும்பியாடும் முந்நூற்றுநாலு என்னும் சீட்டாட்டம், எதிர்ப்பாற்றலை எங்ஙனம் அளவோடு அமைத்தல் வேண்டும் என்பதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நால்வர், இருவர்க்கொரு பக்கமாய், 32 சீட்டுக்களைக் கொண்டு ஆடுவர். ஒவ்வோரினத்திலும் ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, இராசா 3, இராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304.

மதிப்பேதுமற்ற துரும்பு ஏழு, வேற்றினத்து ஜாக்கியையும் வெட்டிவிடும். இத்துணை வலிமைக்கு வரம்பில்லையாயின் ஆட்டம் சுவையிழக்கும். ஆதலின் மூன்று தடைகள் அமைந்துள்ளன. இறக்கப்பட்ட இனம் கையிலிருக்குங்கால் வெட்டுதல் கூடாது. துரும்பினத்தைக் குறிக்கும் உரிமையை, முதல் நான்கு சீட்டுக்களை மட்டுமே கண்டு, வழக்கமாக 160க்குக் குறையாமற் கேட்டுப் பெறல் வேண்டும்; அது பாதியாகிய 152இனும் மிகுதி. கேட்டவன் துரும்பை மறைத்துவைப்பினும், அவ்வினத்துச் சீட்டு எதிரியின் கையிலிருந்து அவனையே வெட்டக்கூடும்.

1993இல் ரிச்சட் காஃபீல்ட் வகுத்து வெளிவந்த ‘மாஜிக்’ என்னும் சீட்டாட்டத்திலும் இந்நெறியே காணப்படும். எதிரியின் மந்திரத்தைத் தடுக்க விரும்புவோன், தன் ஆற்றலைச் செலவிடாது காத்திருத்தல் வேண்டும். எதிரி வாளாவிருப்பின் அக்காத்திருப்பு வீணாகும்.

விலையின்றிக் கிடைக்கும் தடுப்பு ஆட்டத்தைக் கெடுக்கும். விலை மிகின் அதனை ஒருவரும் நாடார். இவ்விரண்டற்கும் இடைநிலை காண்டலே ஆட்டம் வகுப்போன் கடனாகும்.