தராசு சொல்வதைக் கம்ப்யூட்டர் சரியாகக் கேட்கிறதா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குத் தராசைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பால் நிறுத்த காலத்திலும் சரி, செம்பனைப் பழம் நிறுக்கும் இன்றைக்கும் சரி, நம்ம வீட்டு அடுப்பு எரிவது தராசு காட்டும் எண்ணை நம்பித்தான். "என்னா கிராணியாரே, கிலோ கொறையுதே?" என்று கேட்காத தலைமுறை நம்மிடையே உண்டா?

அன்று கிராணியார் தராசைப் பார்த்துச் செக்ரோலில் எழுதினார். இன்று பல நிறுவை நிலையங்களில், எடை காட்டும் பெட்டியிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்குப் போகிறது. அந்தக் கம்பி சேரும் இடத்திற்குச் சீரியல் போர்ட் என்று பெயர். பெரட்டுக்கு வரிசையில் வருவதுபோல எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் வரும். ஆர்.எஸ்.232 என்ற இந்த முறை 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. பழசுதான், ஆனாலும் தராசுகள் அதை இன்னும் கைவிடவில்லை. வேகத்தை 9600 என்று வைத்தால் நொடிக்கு 960 எழுத்து வரை வரும். தராசில் ஒரு வேகம், கம்ப்யூட்டரில் வேறு வேகம் என்றால் திரையில் கிறுக்கல்தான் மிஞ்சும்.

முன்பு இதைப் படிக்கத் தனி மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தது. 2021-இல் வந்த குரோம் 89 முதல், கம்ப்யூட்டரில் திறக்கும் ஓர் இணையப் பக்கமே தராசைப் படிக்க முடிகிறது. அதுவும் தானாக நடக்காது. அங்கே உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அழுத்தி, எந்தப் போர்ட் என்று காட்டி, அனுமதி கொடுக்க வேண்டும்.

"அதுக்கும் நமக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

முதலாவது, கம்பியில் வரும் எண் துண்டு துண்டாகவும் வந்து சேரும். உதிரிப் பழச் சாக்கு 48.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதலில் '4' வந்து, பிறகு '8.5' வரலாம். வரி முடியும்வரை காத்திருந்து சேர்த்துப் படிக்காத பக்கம் 8.5 கிலோ என்று பதிந்துவிடும். 40 கிலோ அம்போ!

இரண்டாவது, பல தராசுகள் எடையோடு ஒரு குறியையும் அனுப்பும். 'எஸ்டி' என்றால் எடை நிலைத்துவிட்டது. 'யூஎஸ்' என்றால் இன்னும் ஆடுகிறது. ஆடும்போது எடுத்த எண் கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். நிலைத்த எண்ணை மட்டுமே பக்கம் ஏற்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணைக் கையால் தட்டும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கலாம். கம்பி கெட்டுப்போன நாளில் அது தேவைதான். ஆனால் 'கையால் பதிந்தது' என்று சீட்டில் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. தராசே பிசகினால் கம்பி அதைத் திருத்தாது. பிசகான எண்ணை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். வாங்கல் விற்றலுக்கான தராசை ஆண்டுதோறும் சோதித்து முத்திரை இட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் அது. சொந்தமாக நாலு ஏக்கர் செம்பனை வைத்துப் பழம் விற்பவர்கள் அந்த முத்திரையைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

ஆகவே, சாக்கை ஏற்றுமுன் பெட்டியில் பூச்சியம் நிற்கிறதா என்று பாருங்கள். ஏற்றியபின் எண் நிற்கும்வரை பொறுத்து, அதைச் சின்ன நோட்டில் குறியுங்கள். தேதி, நேரம், எடை மூன்றும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நோட்டும் சீட்டும் ஒத்துவராவிட்டால் சம்பள நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே தொழிற்சங்கத் தலைவரிடம் காட்டுங்கள்.

கம்ப்யூட்டர் படித்த நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட பக்கத்தை நாளை நீங்களே எழுதக்கூடும். தராசு அனுப்பிய வரியை நேரத்தோடு அப்படியே சேமித்து வையுங்கள். தகராறு வந்தால் அந்த ஒரு வரிதான் சாட்சி. தோளில் சாக்குச் சுமந்த அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை எழுதுங்கள்!