ஓரடவும் கூட்டுப்போரும்

ஜப்பானிய நாட்டில் 'மாங்கா' என வழங்கும் படக்கதைகளும், அவற்றினின்று ஆக்கப்பெறும் 'அனிமே' என்னும் இயங்கோவியங்களும் இன்று அந்நாட்டெல்லை கடந்து பரவியுள்ளன. அவற்றுள், இயற்கை இறந்த ஆற்றலுடையாரோடு மாந்தர் பொருதலைக் கூறும் போர்க்கதைகள் ஒரு பெருங்கிளை. இக்கிளையைச் சார்ந்த கதைகளில் இரண்டு கூறுகள் தவறாது காணப்பெறும். வீரன் ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு பெயருடைய தாக்குமுறையைக் கொண்டிருப்பான். அதன் பெயரை வாய்விட்டுக் கூறியே அதனைச் செலுத்துவான். இஃது ஒன்று. வீரர் பலர் ஒருங்கு கூடியே பகைவரை வெல்வர். இது மற்றொன்று. முன்னது தனிமனிதனை உயர்த்துவது, பின்னது அவனைக் கூட்டத்துள் அடக்குவது எனக் கருதி, இவ்விரண்டும் தம்முள் முரணுவன என்பாரும் உளர். முரண் இல்லை என்பதும், முன்னதே பின்னதற்குக் காரணமாய் அமைந்துள்ளது என்பதும் 'கிமெட்சு நோ யாய்பா' என்னும் கதையைக் கொண்டு ஈண்டு விளக்கப்பெறும்.

அரக்கரை அழிக்கும் வாள் என்னும் பொருள்பட நிற்கும் இக்கதை, கோத்தோகே கொயொஹாரு என்பவரால் எழுதி வரையப்பெற்று, 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 2016 முதல் 2020 வரை 205 பகுதிகளாக வெளிவந்தது. நூல் வடிவில் 23 தொகுதிகள். யூஃபோடேபிள் நிறுவனத்தார் 2019 முதல் இதனை இயங்கோவியமாக்கி வருகின்றனர். கதை நிகழும் காலம் தைஷோ காலம் (1912-1926). மனிதரைத் தின்னும் 'ஓனி' எனப்படும் அரக்கர் இரவில் திரிவர். கதிரவன் ஒளியாலோ, அதற்கெனச் செய்த வாளால் கழுத்து அறுபடுதலாலோ அன்றி எளிதில் இறவார். அவரைக் கொல்லும் வாள்வீரர் படையில், குடும்பத்தை இழந்த தான்ஜிரோ என்னும் இளைஞன் சேர்கிறான். அரக்கியாய் மாறிய தங்கை நெசுகோவை மீண்டும் மனித நிலைக்குக் கொணர்தல் அவன் குறிக்கோள்.

வாள்வீரர் பயில்வன 'மூச்சு முறைகள்' எனப்படும். நீர், இடி, தீ, காற்று, பாறை முதலிய பெயர்களுடைய அம்முறை ஒவ்வொன்றும் எண்ணிட்ட சில 'கட்டா'க்களாகப் பகுக்கப்பெற்றுள்ளது. கட்டா என்னும் சொல்லை நம் நாட்டுக் கராத்தே மாணவரும் அறிவர். அச்சு, வார்ப்பு என்பன அதன் அடிப்பொருள். போர்க்கலையிலும், நோ, கபுகி ஆகிய நாடகங்களிலும் ஆசிரியன் உடலிலிருந்து மாணவன் உடலுக்கு வழிவழியாக இறங்கி வரும் வரையறுத்த அசைவினை அச்சொல் குறிக்கும். இக்கதையின் வரிசையைச் சார்ந்த திரைப்படம் ஒன்று 2025 செப்டம்பரில் இந்தியத் திரையரங்குகளில் தமிழ்க் குரலோடும் வெளிவந்தமையின், தமிழில் இதற்கு நேரான சொல் யாதென ஆராய்தல் வீண்முயற்சி ஆகாது. ஆடலுக்கும் சிலம்பத்திற்கும் பொதுவான 'அடவு' என்னும் சொல்லே பொருத்தமுடையது என்பது எம் கருத்து. புறத்திணைத் துறைகளோடு இதனை ஒப்பிட முற்படுவார்க்கு ஒன்று கூறலாம். துறை என்பது புலவன் பாடும் பொருட்பகுதி. கட்டாவோ வீரன் உடலிற் பயின்ற அசைவு. அவ்வொப்புமை நெடுந்தொலைவு செல்லாது.

நீர்முறையின் அடவுகள் பத்து. நீர்ச்சக்கரம், அருவிமடு என்றாற்போல நீரின் நிலைகளே அவற்றிற்குப் பெயராயின. அவற்றுள் ஐந்தாவது, 'வறட்சிக்கண் பெய்த அருள்மழை' எனும் பொருளுடையது. பகை தானே கழுத்தை நீட்டிச் சாவை ஏற்குமாயின், நோவு தாராது கொல்லுதற்கு அமைந்தது அது. நாத்தகுமோ மலையில் சிலந்தி அரக்கியொருத்தி தன் துன்ப வாழ்வின் முடிவை விரும்பிக் கை விரித்து நிற்ப, தான்ஜிரோ வேறோர் அடவிற்கு ஓங்கிய வாளை இடைவழியில் இவ்வடவிற்கு மாற்றுகிறான். போரின் நடுவே பெயர் கூறுதல் சிறுபிள்ளைத்தனம் என இகழ்வார் இவ்விடத்தை நோக்குதல் வேண்டும். பெயர் மாறியமையால் அன்றோ அவன் நெஞ்சு மாறியதை நாம் அறிகிறோம்? 'ஹெய்கே மோனோகத்தாரி' போன்ற பழம் போர்க்கதைகளில் வீரன் தன் பெயரும் குலமும் கூறிப் போர் தொடங்குவான். இங்கு அவன் கூறுவது தன் பெயரன்று, அடவின் பெயர். ஆயினும் அப்பெயரிலும் குலம் உண்டு. அது பிறப்பால் வந்த குலமன்று, ஆசிரியர் வழி வந்தது.

இனி, இம்முறைகள் பலவாய்ப் பிரிந்தது எவ்வாறு? எல்லாவற்றிற்கும் மூலமான ஞாயிற்று மூச்சினை முதற்கண் கைக்கொண்டவன் யோரிஇச்சி என்பான். அதனை அவன் பிறர்க்குக் கற்பித்தபோது அவருள் எவராலும் முழுமையாகப் பயில இயலவில்லை. ஆகவே அவரவர் உடற்கும் இயல்பிற்கும் ஏற்ப அதனை மாற்றிக் கொடுத்தான். நீரும் இடியும் தீயும் பிறவும் இங்ஙனம் பிறந்தன. வீரனுக்குரிய தனியடவு, ஆகவே, அவன் நிறைவின் அடையாளமன்று. அவனால் இயலாத ஒன்றின் அடையாளமாகும். இக்கதையின் கட்டுக்கோப்பு முழுவதும் இவ்வொரு கருத்தின்மேல் நிற்கிறது என்னலாம்.

தான்ஜிரோவின் தோழர் இருவரை நோக்கின் இது நன்கு விளங்கும். இடிமுறையில் அடவுகள் ஆறு. ஜெனிட்சு அவற்றுள் முதலாவதை மட்டுமே கற்க வல்லவனானான். அதுவே 'இடியுடன் ஒரு மின்னல்' எனும் பொருளுடைய ஒரே பாய்ச்சல். அச்சம் மிக்க அவன் பெரும்பாலும் உறக்கத்திலேயே போரிடுகிறான். வேறு கல்லாமையால் அவ்வொன்றையே ஆறு மடங்காகவும் எட்டு மடங்காகவும் அடுக்குகிறான். இனோசுகே காட்டில் வளர்ந்தவன், ஆசிரியன் இல்லாதவன். அவன் தானே வகுத்துக்கொண்ட விலங்கு மூச்சில் அடவு என்னும் சொல் அருகியே வரும். பெரும்பாலும் 'கோரைப்பல்' என்றே எண்ணுகிறான். மரபு இல்லாதவனுக்கு மரபின் கலைச்சொல் பெரும்பாலும் மறுக்கப்பட்டிருத்தல் ஆசிரியரின் நுண்மை. தான்ஜிரோவுக்கோ நீர்முறை முற்றும் பொருந்தவில்லை. தந்தை வழி வந்த தீக்கடவுள் நடனத்தை நெடுநேரம் ஆட உடல் இடந்தரவில்லை.

2019-ஆம் ஆண்டுத் தொடரின் பத்தொன்பதாம் பகுதி பெரும்புகழ் பெற்றது. ருய் என்னும் அரக்கனோடு பொருகையில், தான்ஜிரோ நீரடவிலிருந்து அந்நடனத்திற்கு மாறுகிறான். நெசுகோவின் குருதி தீப்பற்றி அவன் வாளுக்குத் துணை செய்கிறது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து விடுத்த அவ்வீச்சில் ருய்யின் தலை வீழ்ந்தது எனக் காண்போர் மகிழ்வர். ஆனால் அடுத்த பகுதியில், வாள் படுமுன்னரே அவன் தன் நூலால் தன் தலையைத் தானே அறுத்துக்கொண்டான் என்பது தெரிய வருகிறது! அவனைக் கொன்றது, பின்னர் வந்த கியூ தானே ஆக்கிய பதினோராம் நீரடவு. 'காற்றடங்கிய கடல்' என்பது அதன் பொருள். மிகச் சிறந்த அடவுக் காட்சியையே வெற்றி ஆக்காது விட்டமை, இவ்வகைக் கதைகளில் அருகியே காணப்படுவது.

கூட்டுப்போரின் முழு வடிவை 2021-2022-இல் வெளிவந்த யோஷிவாராப் பகுதியில் காணலாம். பரத்தையர் சேரியில் வாழும் டாக்கி, கியூதாரோ என்னும் தங்கையும் அண்ணனும் ஓருடல் போல் வாழும் அரக்கர். இருவர் தலையும் ஒருங்கே அற்ற நிலையில் இருந்தாலன்றி எவரும் மடியார். இந்நிபந்தனை கதையமைப்பின் உயிர்நிலை. தனிவீரன் ஒருவன் எத்துணை வல்லனாயினும் ஈரிடத்து ஒரே பொழுதில் நிற்றல் இயலாதன்றோ? டாக்கியின் கழுத்து அரைக்கச்சை போல் வளைந்து கொடுப்பது. ஒரு புறத்து வீச்சிற்கு அறாது. இனோசுகேயின் வாள்களோ இரண்டு. இரம்பம் போல் பல்லுடையன. இரு தோழரும் காத்து நிற்பத் தற்காப்பின்றிப் பாய்ந்து அவன் அத்தலையை அறுத்து, மீண்டும் ஒட்டாதவாறு அதனை ஏந்தி ஓடுகிறான். எனினும் கியூதாரோவின் அரிவாள் முதுகுவழி மார்பில் ஊடுருவுகிறது. முதல் முயற்சி தோற்றது. இறுதியில், ஒரு கையிழந்த உசுய் தெங்கென் என்னும் தலைமை வீரன், பகைவன் தாக்குதலின் தாளத்தை இசைக்குறிப்பு எழுதுவார் போல் மனத்துள் எழுதி முடித்து வழி திறக்க, தான்ஜிரோ அண்ணன் தலையை அறுக்கிறான். ஜெனிட்சுவும் இனோசுகேயும் இருபுறமும் நின்று தங்கை தலையை அறுக்கின்றனர். தெங்கெனின் மனைவியருள் ஒருத்தி எய்த நஞ்சுக்கத்திகளும் இவ்வெற்றியில் பங்குடையன.

அரக்கருக்கும் தனித்திறம் உண்டு. 'குருதிக்கலை' எனப்படும் அது கற்பிக்கப்படுவதன்று, வழிவழி வருவதுமன்று. அரக்கர் கூடினால் தன்னை எதிர்ப்பர் என அஞ்சி, அவர் தம்முள் ஒன்றுகூடாதவாறு அவர்தம் தலைவன் முசான் ஆக்கிவைத்தான். டாக்கியும் கியூதாரோவும் இதற்குப் புறனடை. வறுமையில் ஒருவரையொருவர் விடாதிருந்த மனித வாழ்வின் எச்சமாகவே அவர் கூட்டு காட்டப்பெறுகிறது. ஆதலின் வீரர் நால்வர்க்கும் அவரே மிகக் கொடிய பகையாயினர்.

நிறைவுடைய தனியொருவன் என் செய்தான் என்பதனையும் கதை கூறுகிறது. யோரிஇச்சி முசானைத் தனியே எதிர்த்து வீழ்த்தும் தறுவாயில், முசான் 1,800 துண்டுகளாகச் சிதறினான். அவற்றுள் 1,500-க்கு மேற்பட்டவற்றை யோரிஇச்சி வெட்டியும் எஞ்சியன தப்பின. பன்னூறாண்டு கழித்து முசானை விடியும்வரை தடுத்து நிறுத்தினார் குறையுடைய பலர்; அவருள் வாளடவு ஒன்றும் அறியாத ஏவலரும் உளர். அவர் வண்டிகளைக் கொண்டு மோதித் தடுத்தனர்.

இனிக் கூட்டு அமையாது போன ஓரிடத்தையும் கூறுதல் வேண்டும். இடிமுறை ஆசிரியர் குவாஜிமா ஜிகோரோவிடம் மாணவர் இருவர். ஜெனிட்சுவுக்கு முதலடவு மட்டுமே வந்தது. கைகாக்குவுக்கு முதலடவு ஒழிய ஏனைய ஐந்தும் வந்தன. இருவரையும் சேர்த்தே தம் வழித்தோன்றல்களாக்க ஆசிரியர் எண்ணினார். இருவரும் இணைந்தால் முறை முழுமை எய்தும். கைகாக்கு அதனைத் தனக்கு இழுக்கெனக் கருதினான். உயிர்க்கு அஞ்சி அரக்கனும் ஆனான். அப்பழி தாங்காது ஆசிரியர் தம் வயிற்றைத் தாமே கிழித்து மாண்டார். முசானின் கோட்டையில் இருவரும் எதிர்நின்றபோது, ஜெனிட்சு எவரும் அறியாத ஏழாம் அடவொன்றை விடுத்துக் கைகாக்குவின் தலையை வீழ்த்தினான். ஆசிரியர் ஓரவஞ்சனையால் அதனை அவனுக்கு மட்டும் கற்பித்தார் என்றே கைகாக்கு நினைத்தான். உண்மையில் அது ஜெனிட்சு தானே ஆக்கிய அடவு. என்றேனும் ஒரு நாள் கைகாக்குவுடன் தோளொடு தோள் நின்று போரிடுதற்கென்றே அவன் அதனை ஆக்கியிருந்தான்.