கட்டைவிரலும் க்ரூஸ் கன்ட்ரோலும்

மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது ஓய்வே கிடைக்காதது வலது கைக்குத்தான். இடது கைக்கு கிளட்ச் பிடிக்கும் வேலை மட்டும். நெடுஞ்சாலையில் டாப் கியர் போட்டுவிட்டால் அதுவும் குறைந்துவிடும். வலது கைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக்சிலேட்டரை மூடிவிட ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை எதிர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்கி, பிடியை இறுக்கிக்கொண்டு கை அப்படியே நிற்க வேண்டும். ஹைதராபாத் எல்லையில் ஆராம்கர் சந்திப்பைத் தாண்டிப் பிடித்த பிடியை, நடுவில் நிறுத்தாமல் போனால், 200 கிலோமீட்டர் தாண்டி கர்னூலில்தான் விட முடியும். இருபத்தைந்து வயதில் இது உறைக்காது. மூட்டு தேய்ந்த கைக்கு ஒவ்வொரு மைல்கல்லும் தெரியும்.

அதிகம் அடிவாங்குவது கட்டைவிரலின் அடிமூட்டு. மணிக்கட்டை ஒட்டி, உள்ளங்கைச் சதைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன மூட்டு அது. மற்ற விரல்களுக்கு எதிராகக் கட்டைவிரலைக் கொண்டுவந்து எதையும் பற்றிக்கொள்ள வைப்பது அதுதான். விரல் நுனியில் நாம் கொடுக்கும் அழுத்தம் அந்த மூட்டில் பல மடங்காக இறங்குகிறது. குருத்தெலும்பு தேய்ந்த பிறகு ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகுவதும் சாவியைத் திருப்புவதும்கூட வலிக்கும். ஆக்சிலேட்டரை மணிக்கணக்கில் முறுக்கிப் பிடிப்பது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினின் அதிர்வு இன்னொரு தொல்லை. பிடி அதிர்ந்தால் கை தன்னையறியாமல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கப் பிடித்தால் வலி கூடும்.

என் மாமா செகந்திராபாத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தார். தென்மத்திய ரயில்வே 1966-இல் உருவாகி அங்கே தலைமையகம் அமைந்ததும் மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் வீடு பிடித்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மாமாவிடம் புல்லட் இருந்தது, திருவொற்றியூரில் தயாரானது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். செல்ஃப் ஸ்டார்ட் புல்லட்டுக்கு வந்ததெல்லாம் இந்த நூற்றாண்டில்தான். அதுவரை டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும் வரை கிக்கரை மெல்ல இறக்கி, பிறகு ஓங்கி ஓர் உதை. முள் தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். முழங்கால் மூட்டுவலிக்காரருக்கு அந்த ஓர் உதையே ஒரு வாரத்துக்குப் போதும்.

மாமாவுக்கு ஐம்பதைத் தாண்டியபோது வலது கட்டைவிரல் அடியில் வலி ஆரம்பித்தது. அவர் செய்துபார்த்த வைத்தியங்கள் எல்லாமே வண்டியில்தான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆக்சிலேட்டர் பிடியின் மேல் சுற்றி அதைத் தடிமனாக்கினார். பிடி பருமனானால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை என்பதைத் தானே கண்டுகொண்டார். கை மருத்துவப் பயிற்சியாளர்கள் கரண்டிக்கும் பேனாவுக்கும் இன்று சொல்வதும் இதே யோசனைதான். கிளட்ச் வயருக்கு வாராவாரம் எண்ணெய் விட்டார். மந்திராலயம் போகும் நீண்ட பாதையில் இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு வலது கையை உதறி உதறித் தளர்த்துவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு அடிவயிறு கலங்கும். இன்றைக்கும் நெடுஞ்சாலையில் இந்தக் காட்சியைப் பார்க்கிறேன். வலியைத் தாங்க முடியாதவர்கள்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தும் பயமாகத்தான் இருக்கிறது.

மாமாவின் புல்லட்டுக்கும் முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஆக்சிலேட்டர் பிடியின் அடியில் ஒரு சிறு திருகு உண்டு. அதை இறுக்கினால் பிடி முறுக்கிய இடத்திலேயே நிற்கும். இண்டிகேட்டர் இல்லாத காலத்தில் வலது கையை நீட்டிச் சைகை காட்ட அது உதவியது. மூட்டுவலிக்கும் அது உதவியிருக்கும். ஆனால் வண்டி சாய்ந்தால் இன்ஜின் அடங்காமல் கத்திக்கொண்டே கிடக்கும். கையை எடுத்தால் ஆக்சிலேட்டர் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்பது பிற்காலத்தில் பாதுகாப்பின் அடிப்படையாகிவிட்டது. நியாயமான மாற்றம்தான். வலிக்கிற கைக்கு இருந்த ஒரே ஆறுதலும் அதோடு போயிற்று.

ஸ்கூட்டருக்கு மாறுவதும் அன்று வழியாக இருக்கவில்லை. சேத்தக் ஆகட்டும், ஹைதராபாத்திலேயே தயாரான ஆல்வின் புஷ்பக் ஆகட்டும், கியர் இடது கைப்பிடியில். கிளட்சை அழுத்திக்கொண்டே மணிக்கட்டை முறுக்கி கியர் போட வேண்டும். ஒரு கை வலியை இரண்டு கைக்கும் பங்கிட்டது போலத்தான் ஆகும். ராணிகஞ்சில் மாமாவுக்குப் பழக்கமான மெக்கானிக் தக்கினி உருதுவில் சொன்னது நினைவிருக்கிறது: "க்யூங் தக்லீஃப், சாப்? பேச் டாலோ." ஏன் சார் கஷ்டம், வித்துடுங்க. டாக்டரும் அதையேதான் சொன்னார். மாமா வீட்டுக்கு வந்து, "டாக்டர் என் கையைப் பார்த்தார்டா. கை எதைப் பிடிக்குதுன்னு கேக்கவே இல்லை" என்றார். வண்டியை விற்றார். அதன் பிறகு மந்திராலயத்துக்குப் பஸ்ஸில் போனார். சனிக்கிழமை விடியற்காலையில் வண்டியில் கிளம்பும் பழக்கம் மட்டும் விட்டுப்போனது.

மருத்துவம் அன்றைக்கு இருந்த இடத்தில் இல்லை. மூட்டுவலியின் இன்னொரு வகையான முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை சிறு அளவில் மெத்தோட்ரெக்ஸேட் தருவது 1980-களின் இறுதியில்தான் நிலைபெற்றது. அமெரிக்காவில் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது 1988-இல். உயிரியல் மருந்துகள் 1990-களின் இறுதியில் வந்தன. அவற்றில் ஒன்றான அடாலிமுமாபின் முதல் மாற்று வடிவம் 2014-இல் இந்தியாவிலேயே வெளியானது. ஹைதராபாத் பஞ்சாகுட்டா நிம்ஸ் மருத்துவமனையில் வாதநோய்க்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் விரல்கள் கோணிப்போவதைப் பெருமளவு தடுக்கலாம். ஆனால் வயதில் வரும் தேய்மானத்துக்கு, தேய்ந்த குருத்தெலும்பைத் திருப்பித் தரும் மாத்திரை இன்னும் இல்லை. அந்த மூட்டுக்கு வேலையைக் குறைப்பதுதான் பாதி வைத்தியம். அங்கேதான் வண்டியின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது.

வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் கருவியைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வையை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் பேசும்போது வேகத்தைக் குறைப்பதும் கேட்கும்போது கூட்டுவதுமாக ஓட்டினாராம். அந்தக் குலுக்கலில் பிறந்தது யோசனை. 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-ஆம் ஆண்டு மாடல் கிறைஸ்லர் கார்களில் கருவி விற்பனைக்கு வந்தது. உடலில் ஒரு குறையோடு வாழ்ந்தவரின் கூர்மை இதற்குள் இருக்கிறது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். சொகுசு என்று பெயர் வாங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பெரிய மோட்டார் சைக்கிள்களில் 1980-களிலேயே அது வந்துவிட்டது. ஆனால் அவை ஹோண்டா கோல்ட் விங் போன்ற பூதாகாரமான பயண வண்டிகள். இந்தியாவில் ஹார்லி டேவிட்சன் கால் வைத்து, பஞ்சாரா ஹில்ஸில் ஷோரூம் திறந்த பிறகும் பல லட்சம் கொடுக்கிறவர்களுக்கே அந்த பட்டன் எட்டியது. நடுத்தர வர்க்கத்தின் கைக்கு அது வந்த வழி வேறு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி அமலானதும் கார்புரேட்டர் போய் எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வந்தது. அடுத்து ஆக்சிலேட்டர் வயரும் போக ஆரம்பித்தது. பிடியில் ஒரு சென்சார், இன்ஜின் பக்கத்தில் காற்றுவழியைத் திறந்து மூட ஒரு சிறு மோட்டார், நடுவில் கம்ப்யூட்டர். வயர் இருந்தவரை வேகத்தைப் பிடித்து வைக்கத் தனி இயந்திரம் வேண்டியிருந்தது. வயர் போனதும் அது ஏறக்குறைய ஒரு மென்பொருளும் ஒரு பட்டனுமாகச் சுருங்கிவிட்டது.

அதனால்தான் விலை இப்படிச் சரிந்தது. 2022-இல் ஓலா மின்சார ஸ்கூட்டரில் மென்பொருள் புதுப்பிப்பாக வந்தது. 2023-இல் ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 310-இல் வந்தது. 2025 ஆகஸ்டில் ஹீரோ கிளாமர் எக்ஸ் 125 வெளியானபோது ஷோரூம் விலை 90 ஆயிரத்திலிருந்து ஆரம்பித்தது. அதில் க்ரூஸ் கன்ட்ரோல். ஆபீஸ் போகிறவர் வாங்கும் வண்டி அது. எந்த விளம்பரத்திலும் மூட்டுவலி என்ற சொல்லை நான் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் இளைஞர்கள்தான் பறக்கிறார்கள்.

என் கட்டைவிரலும் மாமாவின் வழியில் போய்விட்டது. இப்போது நான் ஓட்டுவது க்ரூஸ் கன்ட்ரோல் உள்ள வண்டி. ஷம்ஷாபாத் தாண்டி ஷாத்நகர் பக்கம் போக்குவரத்து இளைத்ததும், 70-இல் வைத்து பட்டனைத் தட்டுவேன். திரையில் ஒரு சிறு விளக்கு எரியும். அதற்குப் பிறகு கை செய்வது மிகச் சின்ன வேலை: முறுக்கத்தைத் தளர்த்துவது. மடங்கியிருந்த மணிக்கட்டு நேராகிறது. கட்டைவிரலை பிடியின் அடியிலிருந்து எடுத்து மேலே மற்ற விரல்களோடு சேர்த்து வைக்கிறேன். ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்குகிறேன். உள்ளங்கை பிடியின் மேல் சும்மா படுத்திருக்கிறது. இரண்டு விரல் பிரேக் லீவரின் மேல். மேடு வந்தால் இன்ஜின் தானே கொஞ்சம் உறுமி வேகத்தைக் காப்பாற்றுகிறது. லாரி குறுக்கே வந்தால் பிரேக்கைத் தொட்டாலோ கிளட்சைப் பிடித்தாலோ போதும், உடனே விட்டுவிடும். நான்குவழிச் சாலையில் பைக்குக்கு 80 என்ற உச்ச வரம்பு இருப்பதால் வேகக் கேமராவைப் பற்றிய கவலையும் இல்லை. ஜட்செர்லாவில் டீக்கு நிறுத்தும்போது டம்ளரை வலது கையால் பிடிக்க முடிகிறது. முன்பெல்லாம் இடது கையால்தான் வாங்குவேன்.

மாமாவின் புல்லட்டில் அன்றே இந்த பட்டன் இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கர்னூல் போகும் அன்றைய ஏழாம் எண் நெடுஞ்சாலையில் போக ஒரு தடம், வர ஒன்று. எதிரில் லாரி, முன்னால் மாட்டுவண்டி, ஓரத்தில் காயப்போட்ட சோளக் கதிர். ஒரே வேகத்தில் போவது என்ற பேச்சே இல்லை. அதே சாலை நான்குவழியாகி, 44 என்று எண் மாறி, நடுவில் தடுப்பு வந்த பிறகுதான் ஒரே வேகம் என்பது இங்கே சாத்தியமானது. விஜயவாடா சாலைக்கும் இதுவே கதை.

ஹைதராபாத்தில் இதற்கென்றே போட்டது போன்ற சாலை ஒன்று உண்டு: 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. எட்டு வழி, சிக்னல் இல்லை; 2023-இல் கார்களுக்கு வேக வரம்பை 120 ஆக்கினார்கள். இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அந்த வேகத்துக்கு நடுவில் பைக்கை விடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே நமக்குப் பக்கத்துச் சர்வீஸ் ரோடு. அதில் எருமையும் ஆட்டோவும் வரும்; அங்கே பட்டனைத் தொடக் கூடாது. மன்னனூர் தாண்டி நல்லமலைக் காட்டுக்குள் ஸ்ரீசைலம் போகும் வளைவுகளிலும், மழையில் நனைந்த சாலையிலும் அப்படியே.

நகரத்துக்குள்ளோ வலி இடம் மாறிவிடுகிறது. அமீர்பேட்டையிலிருந்து ஹைடெக் சிட்டி வரை நெரிசலில் ஊரும்போது வதைபடுவது இடது கை, கிளட்சால். அதற்கு விடை வேறு: இழுவையைக் குறைக்கும் ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் இப்போது நடுத்தர விலை வண்டிகளிலும் வருகிறது, 2025-இல் ராயல் என்ஃபீல்டு ஹன்ட்டர் 350-க்கே வந்துவிட்டது. அல்லது கிளட்சே இல்லாத மின்சார ஸ்கூட்டர். தெலங்கானா அரசு 2024 நவம்பரில் மின்சார வாகனங்களுக்குச் சாலை வரியையும் பதிவுக் கட்டணத்தையும் 2026 முடிய விலக்கியபோது, அது மூட்டுவலிக்காரர்களை நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் அவர்கள் பலருக்கு வண்டியோடு உறவு தொடர அது வழிவிட்டிருக்கும்.

பிரேக்கை முழுப் பலத்தோடு பிடிக்க முடியாத கைக்கு எந்த பட்டனும் உதவாது. அப்படிப்பட்டவர் ஓட்டக் கூடாது. இதில் சமரசம் இல்லை. அந்த நிலைக்கு வெகுதூரம் முன்பாகவே, வலிக்குப் பயந்து வண்டியை விற்றுவிடுகிறவர்களைப் பற்றித்தான் என் கவலை. வாதநோய் மருத்துவர் "என்ன வண்டி ஓட்டுகிறீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்க வேண்டும். ஷோரூம்காரர் மைலேஜ் சொல்வதற்கு முன் வாங்குகிறவரின் கையைப் பார்க்க வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் நாமே செய்துகொள்ளலாம். கை அதிகம் விறைத்திருக்கும் விடியற்காலையில் டெஸ்ட் டிரைவுக்குப் போக முடியாது. ஷோரூம் பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆனால் கை விறைப்பாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போகலாம். வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்சைப் பத்து தடவை முழுக்க இழுத்து விட்டுப் பாருங்கள். க்ரூஸ் பட்டன் எந்தக் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது, அதை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்று பாருங்கள். வலிக்கிற விரலால்தான் அழுத்த வேண்டுமென்றால் வேறு மாடலைக் கேளுங்கள். பிறகு நல்ல சாலையில் டாப் கியரில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, கீழே இறங்கி, சாவியை அதே கையால் திருப்பி எடுத்துப் பாருங்கள்.